நியதியும் நிகழ்தகவும்

காஞ்சிப் பிள்ளையார்பாளையத்துத் தறியிற் பட்டிழை அறுமாயின், நெசவாளர் அதனைத் தற்செயல் என்று சொல்லிப் பிணைத்து மேலே நெய்வர். காரணமின்றிக் காரியம் இல்லை என்னும் நம் கொள்கைக்கு இச்சொல் முரணாகுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

நிகழ்தகவுக் கணிதம் காரணத்தை மறுப்பதன்று. பத்து நாணயங்களை ஒருங்கே எறியின் அவை 1024 வகையாக விழக்கூடும். அவற்றுள் ஐந்து தலையாக வருவன 252. பத்தும் தலையாக வருவது ஒன்றே. ஒவ்வொரு நாணயமும் விழுதற்குக் காரணம் உண்டு. அதனை யாம் அறியாமையே உண்மை. நாணயத்தொகை பெருகுந்தோறும் இவ்வெண்கள் நடுவுயர்ந்து இருபுறமுந் தாழும் மணிவடிவ வளைகோட்டை அணுகுதலை, பிரான்சிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்த டி மாய்வர் 1733-இல் காட்டினார். இழையின் பருமனும் சிறுகாரணம் பல கூடி அமைவதாகலின் ஏறத்தாழ அவ்வடிவு கொள்ளலாம். கொள்ளின், சராசரிக்கு இருமருங்கும் ஒரு திட்டவிலக்கத்துள் நூற்றுக்கு 68 பங்கும், இரண்டனுள் 95 பங்கும் அடங்கும். ஆயின் அக்காரணங்கள் ஒன்றையொன்று சாராதிருத்தல் வேண்டும். மழைக்காலத்து ஈரம் பாவனைத்தையும் ஒருங்கே தாக்குமிடத்து இக்கணக்கு நில்லாது.

இவ்வொழுங்கைக் கண்டு, நியதிதத்துவம் கணிதத்தால் நிறுவப்பட்டதென மகிழ்வாரும் உளர். அவரொடு யாம் உடன்படோம். நியதியாவது அவரவர் வினைப்பயனை அவரவர்க்கே வரையறுப்பது. வளைகோடோ பலவற்றின் தொகையைக் கூறுமன்றி, இன்னார்க்கு இன்னது என்பதில் வாய்திறவாது. நூறு தறிகளுள் ஏறத்தாழ எத்தனையில் இழை அறும் என அக்கணிதம் மதிப்பிடும். தம் தறியில் இன்று அறுந்தது ஏன் என நெசவாளர் வினவின் அதற்கு விடையில்லை. அவர் கூலி குறைந்த நாளில், இஃது உம் வினையென்று சுட்டிச் சொல்ல எமக்கும் அறிவில்லை.