கவலைக்கு நூல், நோய்க்கு?

நம் வர்த்தகப் பெருமக்களுக்கு வாசிக்கும் பழக்கம் இல்லையென்பார்கள். அது முழு உண்மையன்று. தகப்பன்மார் விட்டுச்சென்ற அப்துற் றஹீம் சாஹிபின் நூலொன்றைக் கல்லாப் பெட்டியருகே வைத்திருப்பவர் நம்மிலும் உண்டு. 1922ல் தொண்டியில் பிறந்து 1993ல் மறைந்த அப்பெரியார், ‘வாழ்க்கையில் வெற்றி’, ‘கவலைப்படாதே’ முதலிய நூல்களை எழுதினார். தோட்டத்துப் பற்று வரவில்லை, மொத்த வியாபாரி நெருக்குகிறார் என்ற வேளையில் நாலு பக்கம் வாசித்தால் மனம் தெளியும். இதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால், “நூலே போதும், வைத்தியர் எதற்கு?” என்று வாதிப்போர் இருக்கிறார்களே, அது சரியா?

கவலை வேறு, நோய் வேறு. சரக்கு விற்றதும் தீர்வது கவலை. வியாபாரம் நன்றாக நடந்தும், இரண்டு வாரத்துக்கு மேலாக அன்றாடம் மனம் இருண்டு, உறக்கமும் பசியும் கெட்டு, பெற்ற பிள்ளையின் பேச்சும் இனிக்காமற் போனால், அது நோயாக இருக்கக்கூடும். அப்படிப்பட்டவரிடம், எண்ணத்தை மாற்றினால் எல்லாம் மாறும் என்னும் புத்தகத்தைக் கொடுத்தால் என்னவாகும்? வாசித்தும் மாறாதபோது, “குற்றம் என்னுடையதே” என்று தம்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வார். மேலும், புத்தகம் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. தானே எழுதிய கணக்கைத் தானே சரிபார்ப்பவன் கண்ணில் பிழை எளிதில் படுமா?

“ஈமான் உள்ளவனுக்கு மனநோய் ஏது?” என்பாரும் உளர். 934ல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலையும் உள்ளத்தையும் பேணும் முறைகளை ஒரே நூலில் எழுதினார். ஆபத்துக்கு மருந்து சேமிப்பதுபோல், நலமாயிருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேமிக்கச் சொன்னவர் அவர். அவரே உள்ளத்தின் பிணிகளை அச்சம், கோபம், துக்கம், ஓயாத வீண் எண்ணம் என்று வகைப்படுத்தியும் காட்டினார். உள்ளத்துக்குப் பிணியே இல்லையென்று அவர் சொல்லவில்லை.

உண்மையில் நம்மைத் தடுப்பது வெட்கம். பேராவில் 1911ல் ஆஸ்பத்திரி திறந்த தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கிவிட்டோம். இனிப்பு நீருக்கு எத்தனை மாத்திரை என்று சாப்பாட்டுக் கடையில் உரக்கப் பேசுகிறோம். இதை மட்டும் சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாமல் மறைக்கிறோம். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் பிரிவைக்கூட இந்நாடு 2023ல் நீக்கிவிட்டது. நம் கடைத்தெருவின் நாக்குத்தான் இன்னும் தண்டிக்கிறது.

நூலை ஒதுக்கச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 2013 முதல், மருத்துவர்களே இன்ன நூலை வாசியுங்கள் என்று சொல்லி, நூலகத்தில் பெறச்செய்யும் திட்டமிருக்கிறது. அங்கே நூல் வைத்தியரின் கைவழி வருகிறது.

ஆகையால், கடை திறக்கவே மனமின்றிக் கிடக்கும் தோழருக்கு நூல் கொடுப்பவர் கொடுக்கட்டும். கூடவே ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, அவரை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லட்டும். தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் அங்கேயே கொடுப்பார்கள். வெளியே வரக் கூசுபவர் சுகாதார அமைச்சின் 15555 என்னும் எண்ணில் பேசலாம்.