அலகு

தைப்பூசத்தன்று பழனி கிரிவீதியில் அலகு குத்திக்கொள்ளப் போகிறவரைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் நிற்கும். கன்னத்தில் திருநீறு அப்புவார்கள். மேளம் வேகம் பிடிக்கும். ‘அரோகரா’ சத்தத்துக்கு நடுவே ஒரு கை கன்னத்தை இழுத்துப் பிடிக்க, இன்னொரு கை வேல் ஒன்றை இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் வாங்கும். நுனியில் எலுமிச்சம்பழம் செருகுவார்கள். அலகை எடுக்கும்வரை அவர் பேச மாட்டார், எதையும் மெல்ல மாட்டார். வலிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வேண்டிக்கொண்டவர் அவர், விரதம் இருந்தவர் அவர். கடைசி நொடியில் தலையைத் திருப்பிக்கொள்ளும் உரிமையும் அவருடையதுதான்.

அலகு என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னும் மூன்று பொருள் உண்டு. பறவையின் மூக்கு அலகு. தாடையையும் பழைய வழக்கில் அலகு என்பார்கள். அளவைக்கும் அலகு என்றே பெயர். குத்துவதும் தாடையும் அளவும் ஒரே இடத்தில் கூடுவது ஆய்வுக்கூடத்தில். அங்கே எலியின் தாடை மூட்டில் ஊசி ஏறுகிறது. அந்த வலி வாரக்கணக்கில் நீடிக்க விடப்பட்டு, நாள்தோறும் எண்ணாக எழுதப்படுகிறது. வேண்டிக்கொள்ளாத உயிர் ஒன்றுக்கு நீண்ட வலியை உண்டாக்கி அதை அளப்பது எந்த நிலையில் அறமாகும் என்பதே கேள்வி.

முதலில் மனிதர் பக்கம். காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், தோலுக்கு அடியில் ஓர் எலும்புக் குமிழ் வழுக்கிப் போய்த் திரும்புவது தெரியும். பேச்சு, மெல்லுதல், கொட்டாவி எல்லாம் அந்த மூட்டின் வேலை. அதில் கோளாறு என்று போனால், பல் மருத்துவர் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைக்கச் சொல்லிப் பார்ப்பார். ஒன்றரை விரலோடு நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பஞ்சாமிர்தம் இறங்கும், முறுக்கைக் கடிக்க முடியாது. மூன்று மாதத்தைத் தாண்டினால் மருத்துவம் அதை நாள்பட்ட வலி என்கிறது. ஆண்களைவிடப் பெண்களே இதனால் அதிகம் அவதிப்படுகிறார்கள். படம் எடுத்தால் மூட்டு சுத்தமாக இருக்கும், வலி போகாது. மூட்டு தேய்ந்துபோன இன்னொருவருக்கு வலியே இருக்காது. மூட்டு ஆறிய பிறகும் நரம்பும் மூளையும் வலியை விடாமல் பிடித்துக்கொள்வது ஏன் என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை.

விளங்காமலே வைத்தியம் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1980களில் அமெரிக்காவில், கெட்டுப்போன தாடை மூட்டுக்குள் டெஃப்ளான் கலந்த செயற்கைத் தகடுகளை வைத்துத் தைத்தார்கள். நீண்ட நாள் சோதனை போதுமான அளவு நடக்கவில்லை. மெல்லும் அழுத்தத்தில் தகடு துகள் துகளாக உதிர்ந்தது. உடல் அந்தத் துகள்களோடு போராடியதில் சுற்றியிருந்த எலும்பும் கரைந்தது. 1990இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது, பிறகு தகடுகள் திரும்பப் பெறப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விலங்கில் பார்க்காமல் விட்டதை அவர்கள் தாடையில் பார்த்தார்கள். விலங்குச் சோதனையே கூடாது என்பவர்கள் இந்தப் பெண்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

இனி எலியின் பக்கம். செத்த காசநோய்க் கிருமிகளை எண்ணெயில் குழைத்த ஒரு கரைசல் உண்டு, ஃப்ராய்ண்டு என்ற அறிஞரின் பெயர் கொண்டது. அதை மூட்டுக்குள் செலுத்தினால் வீக்கம் வரும், நிலைத்து நிற்கும். இது எங்கோ வெளிநாட்டில் மட்டும் நடப்பதும் அல்ல. பழனி அடிவாரக் கடைகளில் மூட்டுவலித் தைலம் வாங்குகிறவர் சித்தர் போகர் பெயரைக் கேட்டு வாங்கலாம். ஆனால் சித்த மருந்துகள் வீக்கத்தைத் தணிக்கின்றனவா என்று நிறுவ முனையும் இந்திய ஆய்வுகள் பலவற்றிலும் எலியின் பாதத்தில் ஏறுவது இதே கரைசல்தான்.

வீக்கத்தை உண்டாக்குவது சுலபம், வலியை அளப்பது கடினம். எலி இரையாக வாழ்ந்து பழகிய உயிர். நொண்டினால் பருந்து பார்க்கும் என்பதை அதன் உடம்பு அறியும், அதனால் வலியை மறைக்கும். மறைப்பதை வெளியே இழுக்க மனிதர் பல வழிகள் கண்டார்கள். ஜெர்மானிய உடலியலாளர் ஃபான் ஃப்ரே 1890களில் குதிரை மயிரைக் குச்சியில் ஒட்டித் தோலின் உணர்வைச் சோதித்தார். இன்று அந்த இடத்தில் நைலான் இழை. எலியின் கன்னத்தில் மெல்லிய இழை முதல் தடித்த இழை வரை அழுத்தி, எதில் தலையை இழுத்துக்கொள்கிறது என்று கிராமில் எழுதுகிறார்கள். ஆனால் தாடை வலிக்காரரின் முறையீடு யாரோ கன்னத்தைத் தொட்டார்கள் என்பதா? சாப்பிட முடியவில்லை என்பதல்லவா?

2010இல் மாண்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி மோகில் குழு, சுண்டெலியின் முகத்திலேயே வலியைப் படிக்க ஓர் அளவுகோல் தந்தது. இடுங்கும் கண், உப்பும் மூக்கும் கன்னமும், திரும்பும் காது, விறைக்கும் மீசை, ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் இரண்டு வரை மதிப்பெண். மணிக்கணக்கான வலிக்கு அது உதவுகிறது. வாரக்கணக்கான வலியில் முகம் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடுகிறது. துக்கவீட்டில் பத்தாம் நாள் முகம் போல. அதே 2010இல் வந்த இன்னொரு கருவி ஒரு குறுகிய குழாய். உள்ளே சுண்டெலியை விட்டு, முன்னால் இரண்டு கட்டைகளை அடுத்தடுத்து அடைத்துவிடுவார்கள். கடித்து அறுத்தால்தான் வெளியே வரலாம். வலிக்கிற தாடையால் அறுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே அளவு.

டல்லஸ் நகரின் பல் மருத்துவ ஆய்வாளர்கள் பிடித்த வழி வேறு. எலியை அதன் கூண்டிலேயே விட்டார்கள். சிறு உணவு உருண்டை ஒன்றை அது எடுத்ததும் அடுத்தது விழும், கணினி நேரத்தைக் குறித்துக்கொள்ளும். மூட்டு வீங்கிய எலி ஒரு வேளை உணவை முடிக்க அதிக நேரம் எடுத்தது. வலி குறைக்கும் மருந்து கொடுத்தபோது நேரம் குறைந்தது. யாரும் தொடவில்லை, பிடிக்கவில்லை, அடைக்கவில்லை. இருட்டில், தன் வழக்கப்படி, மெதுவாக மென்றுகொண்டிருந்த எலியிடமிருந்து வந்த எண் அது.

குழாயும் கூண்டும் அளப்பது ஒரே வலியைத்தான். ஆனால் குழாயில் எலி தன் வலியின் மேல் இன்னொரு வலியை ஏற்றித்தான் விடுதலை பெறுகிறது. கூண்டில் அது தன் வாழ்க்கையை வாழ்கிறது, எண் தானாக வருகிறது. அளவு நம்பகமானதா என்று கேட்டாலும் கூண்டே மேல், ஏனென்றால் பயந்த விலங்கு சரியாகச் சொல்லாது. ஆண் ஆய்வாளர் அருகில் இருந்தாலே, ஆண் அணிந்த சட்டை அருகில் கிடந்தாலே, எலிகளும் சுண்டெலிகளும் வலியைக் குறைத்துக் காட்டுகின்றன என்று மோகில் குழு 2014இல் கண்டது. அந்த வாசனை தந்த அச்சம் வலியை அமுக்கிவிட்டது. அச்சத்தில் எடுத்த எண் பொய் எண்ணாகலாம். எண் பொய்யானாலும் வலி பொய்யாவதில்லை. எலி அதை அனுபவித்து முடித்திருக்கும், நோயாளிக்கு எதுவும் கிடைத்திருக்காது. தவறாக அளந்த வலிதான் இந்தத் துறையின் மிகப் பெரிய கொடுமை.

சட்டம் என்ன சொல்கிறது? 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் விடாமல் முயன்றதன் தொடர்ச்சியாக, 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. மனிதர் தவிர்ந்த எந்த உயிரும் அதற்கு விலங்குதான், எலியும் உள்ளே. ஆய்வுக்கென வளர்க்கும் எலியையும் சுண்டெலியையும் அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆயினும் துன்பம் தணிக்கும் அறிவுக்கான சோதனைகளை நம் சட்டமும் அனுமதிக்கிறது. எலி, முயல், தவளை போன்ற சிற்றுயிர்களில் முடியுமானால் பெரிய விலங்குகளைத் தவிர்க்கச் சொல்கிறது. அறுவைச் சோதனைகளில் கூடியவரை மயக்க மருந்து கொடுக்கச் சொல்கிறது. இங்கேதான் முடிச்சு விழுகிறது. மயக்கத்தில் கிடக்கும் எலியிடம் வலியை எப்படி அளப்பது? கருணையென்று சட்டம் நீட்டும் மருந்தே இந்த ஆய்வைக் கெடுக்கும்.

இந்த முடிச்சைப் பார்த்து இரண்டு தரப்பார் இரண்டு சுலபமான பதில் சொல்வதுண்டு. எலி உணர்வதை வலி என்று சொல்ல முடியாது, அது வெறும் அனிச்சை என்பது ஒன்று. அப்படியானால் அந்த எண்ணை வைத்து ஒரு பெண்ணுக்கு மருந்து எழுத என்ன உரிமை? எண்ணை நம்பினால் வலியையும் நம்பியாக வேண்டும். எலிதானே, பொறியில் அடித்துக் கொல்கிறோமே என்பது மற்றொன்று. பொறி ஒரு நொடியில் முடிக்கும். ஆய்வோ ஆறு வாரம் ஓடலாம். இரண்டு மூன்று ஆண்டு வாழும் எலிக்கு ஆறு வாரம் என்பது ஆயுளில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. எழுபது வயது மனிதருக்குக் கணக்குப் போட்டால் மூன்றரை ஆண்டு.

ஆகவே அனுமதி உண்டு என்றால் கடனோடுதான் உண்டு. விழித்திருக்கும் விலங்குகளில் வலியை ஆராய்வோருக்கு உலக வலி ஆய்வுச் சங்கத்தின் வழியாக மான்ஃப்ரெட் சிம்மர்மன் 1983இல் வகுத்த நெறிகளில் ஒன்று, முடிந்தபோதெல்லாம் அந்த வலியை ஆய்வாளர் தன்மேல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது. கிரிவீதியில் அலகு குத்திக்கொண்டவருக்கு இது விளங்கும். நோயாளிகள் சம்மதித்துச் சொல்லக்கூடியதை, மூளைப் படத்திலும் அறுவையில் எடுத்த திசுவிலும் தெரிந்துகொள்ளக்கூடியதை, முதலில் மனிதரிடமே கேட்க வேண்டும். நரம்பு முடிச்சைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று எஞ்சும் கேள்விக்கே எலி. அந்தக் கேள்விக்கும் பெண் எலியை விலக்கி வைப்பது நேர்மை ஆகாது. நோய் பெண்களுக்கு அதிகம் என்று தெரிந்தும், சினைச்சுழற்சி கணக்கைக் குழப்பும் என்று ஆண் எலிகளிலேயே நெடுங்காலம் அளந்தார்கள். வலியைச் சுமந்தது ஆண் எலி, பயனடைய வேண்டியவள் பெண், நடுவே பாலம் இல்லை. ஆய்வு தோற்றாலும் முடிவை வெளியிட வேண்டும். மறைத்தால் இன்னொரு ஊரில் இன்னொரு கூண்டில் அதே வலி மறுபடி தொடங்கும்.

இந்தியாவில் எலிச் சோதனைக்கு அனுமதி தருவது 1998 விதிகளின்படி அந்தந்த நிறுவனத்தின் நெறிக்குழு. அதில் அறிவியல் துறை சாராத, சமூக அக்கறையுள்ள ஒருவருக்கும் இடம் உண்டு. புள்ளியியலும் மருந்தின் அளவும் அவருக்குப் புரியாமல் போகலாம். அலகு குத்துவதைப் பார்த்திருந்தால் போதும். குத்துவதற்கு முன்பே எங்கே, எப்போது எடுப்பது என்பது முடிவாகியிருக்கும். எடுத்த இடத்தில் அழுத்தத் திருநீறு கையில் தயாராக இருக்கும். எத்தனையாம் நாளில் எடுப்பீர்கள், அதற்கு முன்பே எலி சாப்பாட்டை நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள், திருநீற்றின் இடத்தில் என்ன மருந்து வைத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கலாம். விண்ணப்பத்தில் இதற்குப் பதில் இல்லையென்றால், கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுக்கலாம்.