பார்க்கப்படுகிறவள் என்ன பார்க்கிறாள்?

என் அத்தை கடல்பாசி எடுக்கிறவள். பாம்பனுக்குப் பக்கத்துக் கரை எங்களுடையது. மதுரையில் விஸ்காம் படித்துக்கொண்டிருந்தபோது ஒருமுறை இரவல் கேமராவோடு ஊருக்கு வந்தேன். அத்தையோடு வள்ளத்தில் போனேன். சேலைக்கு மேலே சட்டை, விரல்களில் துணிச்சுற்று, பாறை கிழிக்காமல் இருக்க உள்ளங்காலில் கட்டிய தகடு, கண்ணில் நீச்சல் கண்ணாடி, இடுப்பில் பை. மூழ்கினாள். மூச்சு முட்டி மேலே வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்த நொடியில் எடுத்தேன்.

அந்தப் படம் கல்லூரிக் கண்காட்சியில் பெரிதாகத் தொங்கியது. பரிசும் வாங்கியது. "உழைக்கும் பெண்ணின் கம்பீரம்" என்று யாரோ குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள். பிரதி ஒன்றைக் கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா நான் உள்ள என்ன பாத்தேன்னு நீ கேக்கவே இல்லையே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தக் கேள்வி பல வருடங்களாக என்னை விடவில்லை. நான் செய்தது தவறு என்றால், என்ன தவறு? திருட்டுத்தனமாக எடுக்கவில்லை, "எடுத்துக்க" என்று அவளே சொன்னாள். கேவலமாகவும் காட்டவில்லை. எடுத்தவள் ஆண் அல்ல, வெளியூர்க்காரியும் அல்ல. அனுமதி, மரியாதை, உறவு மூன்றும் இருந்த இடத்தில் பிறகு எது இல்லாமல் போனது?

இதற்கு விடை தேடும்போதெல்லாம் எங்கள் மாவட்டத்தில் பிறந்த இன்னொரு பெண்ணின் வாழ்க்கை நினைவுக்கு வரும். 1961இல் பரமக்குடியில் பிறந்த சுஹாசினி. நடிகை என்றுதான் நாம் அவரை அறிவோம். அவர் படிக்கப் போனது நடிப்பு அல்ல. சென்னைத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். அங்கே அந்தப் படிப்பை முடித்த முதல் பெண் அவர். ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தார். ஒளி எங்கிருந்து விழ வேண்டும், முகத்தில் நிழல் எவ்வளவு நிற்கலாம் என்று கற்றுக்கொண்டிருந்த பெண்ணை இயக்குநர் மகேந்திரன் கேமராவுக்கு முன்னால் கூப்பிட்டார். 1980இல் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' வந்தது. அதன் ஒளிப்பதிவுக்காக அசோக்குமாருக்குத் தேசிய விருது கிடைத்தது. சுஹாசினி ஊரறிந்த முகம் ஆனார்.

அதே படத்தில் இன்னொன்றும் நடந்தது. இயக்குநர் பி.ஆர். பந்துலுவின் மகள் பி.ஆர். விஜயலட்சுமி அந்தப் படத்தில்தான் அசோக்குமாரிடம் உதவி ஒளிப்பதிவாளராகச் சேர்ந்தார். கேமரா படித்த ஒரு பெண் முன்னால் போக, வேறொரு பெண் பின்னால் வந்து நின்றார். 1985இல் விஜயலட்சுமி 'சின்ன வீடு' படத்துக்குத் தனியாக ஒளிப்பதிவு செய்தார். ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று அவரைச் சொல்வார்கள். அதே 1985இல் வந்த 'சிந்து பைரவி' சுஹாசினிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைத் தந்தது. இந்த இரண்டு பேரில் ஒருவரை அறிமுகப்படுத்த எனக்குப் பெயர் போதும். இன்னொருவருக்கு இத்தனை வரிகள் வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தைச் சேர்ந்த லாரா மல்வி 1975இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். திரைப்பட ஆய்வைப் புரட்டிப்போட்ட கட்டுரை. கேமரா பார்க்கிறது, படத்துக்குள் கதாநாயகன் பார்க்கிறான், அரங்கில் ரசிகன் பார்க்கிறான்; மூன்று பார்வையும் ஆணின் இடத்தில் நின்று பெண்ணைப் பார்ப்பதாகவே படங்கள் அமைக்கப்படுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். வகுப்பில் இதைப் படித்தபோது எல்லாம் விளங்கிவிட்டதுபோல இருந்தது. கேமராவைப் பெண் கையில் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையோடுதான் அத்தையின் வள்ளத்தில் ஏறினேன்.

சிந்துவை எடுத்துக்கொள்வோம். அவள் அந்தப் படத்துக்குள் வரும்போது அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு ரசிகை. மேடையில் பெரிய வித்வான் பாடுகிறார். எழுந்து, மக்களுக்குப் புரியாத மொழியில் ஏன் பாடுகிறீர்கள், தமிழில் பாடக் கூடாதா என்று கேட்கிறாள். பார்க்கிறவளாகவும் கேட்கிறவளாகவும் ஒரு பெண் தமிழ்த் திரையில் நுழைந்த அபூர்வமான காட்சி அது. ஆனால் கதை முடியும்போது, வித்வானுக்குப் பிறந்த குழந்தையை அவர் மனைவி கையில் ஒப்படைத்துவிட்டு சிந்து ஊரை விட்டுப் போகிறாள். வித்வான் குடும்பத்தோடும் மேடையோடும் மிஞ்சுகிறார். கேள்வி கேட்டவளுக்குத்தான் இடமில்லை. நமக்கு மிகவும் பிடித்த பெண் பாத்திரங்களில் எத்தனை பேர் இப்படிக் கதையை விட்டு வெளியேறிப் போனவர்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

1991இல் சுஹாசினி கேமராவுக்குப் பின்னால் திரும்பி வந்தார். தூர்தர்ஷனுக்காக அவர் இயக்கிய 'பெண்' தொடரில் எட்டுக் கதைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பெண். பெரிய திரையில் பாட்டுக்கும் பாசத்துக்கும் வந்துபோகும் பெண்கள் இங்கே முடிவெடுக்கிறவர்களாக இருந்தார்கள். ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷனின் 323 மீட்டர் கோபுரம் நிற்கிறது. கடலுக்குள்ளிருந்து பார்த்தாலும் தெரியும். படங்கள் அதன் உச்சியிலிருந்து எங்கள் வீடுகளுக்கு வந்தன. எங்கள் வீடுகளிலிருந்து அங்கே எதுவும் ஏறிப் போகவில்லை. தொலைக்காட்சி என்பதன் அமைப்பே அதுதான். அந்த ஒருவழிப் பாதையில் ஒரு பெண் எட்டுப் பெண்களைப் பற்றிப் பேசினார் என்பது சிறிய விஷயம் இல்லை.

தொலைக்காட்சியில் பார்க்கப்படுகிறவள் உரிமையாளராகவும் ஆனதற்கு அமெரிக்காவில் பழைய உதாரணம் லூசில் பால். 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரில் நடித்து நாடு முழுக்க வீட்டுப்பெயர் ஆனவர். கர்ப்பமாக இருந்தபோது அதையே கதையில் வைத்தார்கள்; ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லை மட்டும் திரையில் உச்சரிக்கவில்லை. வயிறு தெரியலாம், சொல் வரக் கூடாது! 1962இல் முன்னாள் கணவரின் பங்கை விலைக்கு வாங்கி டெசிலு நிறுவனத்துக்குத் தலைவரானார். 'ஸ்டார் ட்ரெக்' அந்த நிறுவனத்தில் தயாரானதுதான். இவ்வளவு அதிகாரத்துக்கு வந்த பெண்ணுக்குப் புகழ் தந்த லூசி யார்? மேடையேறத் துடித்து, கணவன் மறுக்க மறுக்க முயன்று, சொதப்பி, வாராவாரம் வீட்டுக்கே திரும்பும் ஒரு மனைவி. நம் ஊரில் ராதிகா 1999இல் 'சித்தி'யோடு அப்படி ஒரு பாதையை வெட்டினார்; தொடரின் முகமும் அவர், தயாரித்த ராடான் நிறுவனமும் அவருடையது. உரிமை கைக்கு வந்தாலும், வீட்டுக்காகத் தேய்கிற பெண்ணைக் காட்டித்தான் அதை நிலைநிறுத்த முடிந்தது.

இந்த வாழ்க்கைகளை வரிசையாக வைத்தால் ஒரு கணக்கு தெரிகிறது. பார்க்கும் உரிமையைப் பெற, பெண் முதலில் பார்க்கப்பட வேண்டியிருக்கிறது. 1980இல் முகம் ஆகாமல் இருந்திருந்தால் 1991இல் சுஹாசினி கையில் எட்டு வாரங்களைக் கொடுத்திருப்பார்களா? முகத்தைக் கட்டணமாகக் கொடுத்தால் குரல் கிடைக்கும். கட்டணம் கட்டாமல் பின்னாலேயே நின்ற விஜயலட்சுமியை இரண்டு வரி விளக்கத்தோடு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. இது நியாயமான கணக்கு இல்லை. ஆனாலும் அதைச் செலுத்தியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சுஹாசினியைப் பாதிக்கப்பட்டவர் என்று காட்டுவதும் என் நோக்கம் இல்லை. அவர் வக்கீல் சாருஹாசனின் மகள், கமல்ஹாசனின் அண்ணன் மகள். அந்தக் கதவுகள் எங்கள் கரையில் பிறந்த பெண்ணுக்குத் திறக்காது. பரமக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே இருப்பது வெறும் சாலை தூரம் அல்ல. சாதியும் படிப்பும் காசும் சேர்ந்த தூரம்.

அந்தத் தூரத்தையும் கணக்கில் வைத்துப் பார்த்தபோதுதான் என் தவறு எனக்குப் பிடிபட்டது. சுஹாசினியின் முகம் கட்டிய கட்டணத்துக்குக் குரல் அவருக்கே கிடைத்தது. அத்தையின் முகம் கட்டிய கட்டணத்துக்குக் குரல் எனக்குக் கிடைத்தது. பரிசு வாங்கிய மேடையில் "இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று என்னைத்தான் கேட்டார்கள். நானும் சொன்னேன். கடலுக்கு வெளியே இருந்துகொண்டு, கடலைப் பற்றி, ஐந்து நிமிடம். பார்க்கப்பட்டவள் அத்தை, கேட்கப்பட்டவள் நான்.

இங்கிலாந்துத் தத்துவவாதி மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் எழுதிய நூலில், ஒருவரை அறிபவர் என்று மதிக்காமல் விடுவதே தனியொரு அநீதி என்று வாதிடுகிறார். அடிக்காமல், ஏசாமல், புகழ்ந்துகொண்டேகூட அதைச் செய்யலாம். 'கம்பீரம்' என்று எழுதிய அந்தப் பார்வையாளர் செய்தது அதுதான். அவருக்கு முன்பே நான் செய்திருந்தேன். அனுமதி கேட்டது அத்தையின் உடம்பைப் படமெடுக்க. அவளுடைய அறிவைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. படத்தின் நட்ட நடுவில் அவள் கண்ணாடி இருக்கிறது. அது ஒரு பார்க்கும் கருவி. நான் அதை ஆபரணமாகப் பார்த்தேன்.

கரையில் இந்த அறிவு புதிதும் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் தேசியப் பூங்கா ஆனபின், காலகாலமாகப் பாசி எடுத்த பெண்கள் அத்துமீறி நுழைகிறவர்கள் ஆனார்கள். காக்க வேண்டிய பவளப்பாறையைத் தினமும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்தான். எவ்வளவு எடுத்தால் மறுபடி முளைக்கும் என்று அறிந்து, மாதத்தில் 12 நாள் மட்டும் கடலுக்குப் போவது என்று அவர்களே வரையறை வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலம் லட்சுமி இவர்களுக்காகப் பேசியவர். 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு அவருக்குப் பரிசு தந்தது. அவர் ஏழு வயதில் பாசி எடுக்கத் தொடங்கியவர். கேட்பதற்கு யாராவது இருந்தால் சொல்வதற்கு இவர்களிடம் நிறைய இருக்கிறது.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது கேமரா எடுத்துப் போகவில்லை. "அத்தை, அன்னிக்கு உள்ள என்ன பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"அன்னிக்கா? அதெல்லாம் மறந்து போச்சு. எந்த அன்னிக்கின்னு நான் சொல்ல?" என்றாள். நியாயம்தான். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காததைப் பின்னால் வந்து வாங்க முடியாது. பிறகு அவளாகவே தொடங்கினாள். "கச்சான் அடிச்சா தென்கடல் கலங்கிரும். கண்ணாடி போட்டாலும் ஒண்ணும் தெரியாது. அப்ப கையாலதான் பாக்கணும். மரிக்கொழுந்துன்னா விரலுக்குத் தெரியும். கட்டக்கோரைய அசங்குறத வச்சே சொல்லிரலாம். வேரோட புடுங்கக் கூடாது. புடுங்குனா அந்தக் கல்லு அடுத்த வருசம் மொட்டையா நிக்கும்." நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும்போது எந்தக் கல்லைப் பிடிப்பது, பக்கத்தில் மூழ்கியவள் மேலே வரத் தாமதமானால் எத்தனை மூச்சு பொறுத்துத் தேடுவது என்றெல்லாம் சொன்னாள். இரவு வெகுநேரம் ஆகிவிட்டது.

அந்தப் பழைய படத்தைக் கிழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அத்தைக்கே அது பிடிக்கும், சுவரில் மாட்டியிருக்கிறாள். பார்க்கப்படுவது அவளுக்கு அவமானமாக இல்லை. அதோடு முடிந்துபோனதுதான் குறை. ஒருவரைப் பார்க்கும்போதே அவரும் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை மறக்காமல் இருப்பதுதான் இங்கே அறம் என்று எனக்குத் தோன்றுகிறது. நடிகை என்றாலும் சரி, பாசி எடுப்பவள் என்றாலும் சரி. கேமரா யார் கையில் என்பது முக்கியமான கேள்வி. எடுத்தபின் அந்தக் கை என்ன கேட்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

அத்தை சொன்னதை எழுதி, அடுத்த முறை போனபோது வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். இரண்டு இடத்தில் நிறுத்தித் திருத்தினாள். மேலே இருப்பது திருத்திய வடிவம்.