'கொடு' படுத்தும் பாடு

ஆங்கிலத்தில் 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் 'கைவிடு' எப்படி வரும் என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். 1755-இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, பிறமொழிக்காரர்களை மிகவும் திணறடிப்பவை இப்படிச் சிறுசொல் ஒட்டிவரும் வினைகள்தான் என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நம் 'கொடு' மட்டும் சாதுவா? சொல்லிக்கொடுத்தால் பாடம், விட்டுக்கொடுத்தால் பெருந்தன்மை, காட்டிக்கொடுத்தால் துரோகம். (போட்டுக்கொடுப்பது அலுவலகங்களில் வளர்ந்த தனிக்கலை.) இவற்றை நாம் பட்டியல் போட்டு நெட்டுருப் போடவில்லை, வீட்டுச் சண்டையிலும் திண்ணைப் பேச்சிலும் காதில் விழுந்து ஒட்டிக்கொண்டவை.

ஆங்கில வினைகளையும் அப்படியே ஒட்டவைக்கலாம். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. பாருங்கள், அங்கேயும் 'போடு'தான்! இன்று நீங்கள் தள்ளிப்போட்ட வேலையை 'புட் ஆஃப்' என்ற சொல்லாலேயே யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், மின்கட்டணமாக இருந்தாலும் சரி.