கோட்டைத் தாண்டியதா?

1966 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம், வெம்பிளி. கூடுதல் நேரத்தில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் உதைத்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கோல் என்றார்கள் நடுவர்கள். மேற்கு ஜெர்மனி 2-4 எனத் தோற்றது. பந்து கோட்டைத் தாண்டவே இல்லை என்று ஜெர்மானிய ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

அதை வெறும் பிடிவாதம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. திறமையிடம் தோற்ற வலி கண்ணீரோடு கரைந்துவிடும். சந்தேகத்திடம் தோற்ற வலி ஆறுவதில்லை. ஆனால், நடுவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நொடி. வாதாடுகிறவர்களுக்கோ ஒரு வாழ்நாள்.

2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தெளிவாகவே தாண்டியது. கோல் தரப்படவில்லை. அந்த இரவு தூக்கம் தொலைத்தவர்கள் இங்கிலாந்து ரசிகர்கள்.