பிறரினும் தாழ்வில்லை என்பது அறமாகுமா?

மாந்தர் தம் செயலுக்கு நியாயம் கற்பிக்கும்போது பெரிதும் எடுத்தாளும் வாதங்கள் இரண்டு. ‘எல்லாரும் செய்வதையே செய்தேன்’ என்பது ஒன்று. ‘என் செயல் பிறர் செயலினும் தாழ்ந்ததன்று’ என்பது மற்றொன்று. முதலாவதன் பொய்ம்மை எளிதில் விளங்கும். இரண்டாவதோ நடுவுநிலையின் சாயலை உடையது. ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புக் கூற வேண்டும் என்னும் பொதுவிதியைத் துணைக்கொள்வது. ஆகவே அதனை ஆழ்ந்து ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சிக்கு உரைகல்லாக அமையத்தக்கது, அமெரிக்காவில் பத்தாண்டுக் காலம் ஓடி மறைந்த ஒரு சிறு மகிழுந்தின் வரலாறு.

1950களின் இறுதியில் ஜெர்மானிய வோக்ஸ்வேகன் போன்ற சிறு வண்டிகள் அமெரிக்கச் சந்தையில் இடம்பிடிக்கத் தொடங்கின. பெரிய வண்டிகளையே செய்து பழகிய அமெரிக்க நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. போர்டு நிறுவனம் பால்கனையும், கிரைஸ்லர் நிறுவனம் வேலியண்டையும் வழக்கமான முறையிலேயே உருவாக்கின. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவ்ரோலே பிரிவோ, எட் கோல் என்னும் பொறியியலாளரின் தலைமையில் புதுவழி கண்டது. 1959 அக்டோபரில் விற்பனைக்கு வந்த கோர்வேர் மகிழுந்தின் இயந்திரம் பின்புறத்தில் இருந்தது. பெரும்பகுதி அலுமினியத்தால் ஆன அவ்வியந்திரத்தில் ஆறு உருளைகள் பக்கத்துக்கு மூன்றாகப் படுக்கை நிலையில் அமைந்திருந்தன. அதனைக் குளிர்விக்க நீர் வேண்டியதில்லை, காற்றே போதும். புதுமையை விரும்பியோர் அவ்வண்டியை வரவேற்றனர். தொடக்க ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் அது விற்பனையாயிற்று.

குறை எங்கே இருந்தது? வண்டியின் எடையில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் பின்சக்கரங்களின்மீது அமர்ந்தது. அச்சக்கரங்களைத் தாங்கிய அச்சுகள் நடுவிலுள்ள பல்லிணைப் பெட்டியருகே மட்டும் மடங்கும் இயல்புடையன. அவை பறவையின் சிறகுபோல மேலும் கீழும் அசையும். வளைவில் விரைந்து திரும்பும்போது வண்டியின் பின்னுடல் மேலெழ, வெளிப்புறச் சக்கரம் உட்புறமாகச் சாய்ந்து மடியக்கூடும். அந்நிலையில் டயரின் அகலம் முழுதும் சாலையைப் பற்றுவதில்லை. பின்பாகம் சறுக்கும், சில வேளை வண்டி கவிழும். இவ்வகை அச்சு கோர்வேருக்கு மட்டும் உரியதன்று. வோக்ஸ்வேகனிலும் வேறு சில ஐரோப்பிய வண்டிகளிலும் அது இருந்தது.

இக்குறையைத் தணிக்க வழியில்லாமல் இல்லை. முன்சக்கரங்களுக்கிடையே ஒரு நிலைப்புத் தண்டைப் பொருத்தினால் வண்டியின் சாய்வு குறையும். ஆனால், தொடக்க ஆண்டுகளின் கோர்வேரில் அத்தண்டு இயல்பாக இடம்பெறவில்லை. அதற்கு ஈடாக, டயர்களில் அடைக்கும் காற்றின் அளவைக் கொண்டே நிறுவனம் சமநிலை தேட முயன்றது. முன் டயர்களில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, பின் டயர்களில் 26 பவுண்டு என உரிமையாளர் கையேடு வகுத்துரைத்தது. மற்ற வண்டிகளில் இத்துணை வேறுபாடு வழக்கில் இல்லை. எண்ணெய் நிலையப் பணியாளர் பழக்கத்தால் நான்கு டயர்களிலும் ஒரே அளவில் காற்றடைத்து விட்டால், பொறியியலாளர் வகுத்த சமநிலை குலைந்துபோகும்.

அறத்தின் நோக்கில் உற்று நோக்கத்தக்க இடம் இதுவே. 15, 26 என்னும் அவ்விரு எண்களே ஒரு சான்று. வண்டியின் இயல்பை உணராதவர் அத்தகைய வேறுபாட்டை வகுத்திருக்க இயலாது. எனவே, அறிந்தவர் இருந்தனர் என்பது தெளிவு. அறிந்தவர் தம் கடமையை அறியாதவரின் தோளில் ஏற்றிவிட்டனர். கையேட்டில் ஓர் எண்ணை அச்சிடுதல் எளிது. ஆனால், அந்த எண் தவறினால் என்ன நேரும் என்பதை வாங்குவோர் உணரும்படி எடுத்துரைத்தால் விற்பனை குன்றும். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்னும் அமைதி எழுதியவருக்குக் கிட்டிற்று. அதன் பொருள் படித்தவருக்குக் கிட்டவில்லை.

1965 நவம்பரில் ரால்ப் நேடர் என்னும் இளம் வழக்கறிஞர், ‘எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றது’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். அமெரிக்க மகிழுந்துத் தொழில் முழுவதையும் சாடிய அந்நூலின் முதல் அத்தியாயம் கோர்வேரைப் பற்றியது. நிறுவனம் நூலின் கருத்துக்கு விடையிறுப்பதோடு நில்லாமல், துப்பறிவோரை ஏவி ஆசிரியரின் தனி வாழ்வைத் துருவச் செய்தது. அது வெளிப்பட்டபோது, 1966 மார்ச் 22ஆம் நாள் நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் துணைக்குழுவின் முன் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டு செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. நேடர் தொடுத்த வழக்கு, 1970இல் 425,000 டாலர் இழப்பீட்டுடன் முடிவுற்றது.

இதற்கிடையே வண்டி திருந்தியிருந்தது. 1964ஆம் ஆண்டு வண்டிகளில் முன்புறத்தில் நிலைப்புத் தண்டும் பின்புறத்தில் குறுக்கு வில்லும் சேர்க்கப்பட்டன. 1965ஆம் ஆண்டு வண்டிகளில் பின்சக்கர அமைப்பே முற்றிலும் மாறியது. ஆயினும், இழந்த நற்பெயர் மீளவில்லை. போர்டு நிறுவனத்தின் மஸ்டாங் வண்டியின் போட்டியும் சேர்ந்துகொண்டது. ஏறத்தாழ 18 இலட்சம் வண்டிகள் உருவான பின், 1969 மே 14ஆம் நாள் கோர்வேர் உற்பத்தி நின்றது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் தீர்ப்பு எளிதாகும். ஆனால், 1972இல் அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், 1960 முதல் 1963 வரையிலான கோர்வேர் வண்டிகளைச் சமகால வண்டிகளோடு ஒப்பிட்டுச் சோதித்த முடிவை வெளியிட்டது. கட்டுப்பாடு இழக்கும் இயல்பிலோ கவிழும் இயல்பிலோ கோர்வேர் இயல்புக்கு மாறானதன்று; சமகால வண்டிகள் சிலவற்றுக்கு அது தாழ்ந்ததுமன்று என்பதே அம்முடிவின் சாரம். நிறுவனத்தின் ஆதரவாளர் இதனைக் குற்றமின்மைக்குச் சான்றாகக் கொண்டனர்.

நடுவுநிலையாளர் அவ்வாதத்தின் வலிமையை மறுத்தல் ஆகாது. குறையே இல்லாத இயந்திரத்தை எவராலும் ஆக்க இயலாது. எல்லாக் குறைகளையும் நீக்கித்தான் விற்கவேண்டுமெனின், எளியவர் வாங்கத்தக்க விலையில் வண்டியே கிடைக்காது. பலர் செய்ததை ஒருவர்மேல் மட்டும் சுமத்திப் பழிப்பதும் முறையன்று. பின்னர்த் திருத்தியமையையே முன்னைய தவற்றின் ஒப்புதலாகக் கொள்வதும் தகாது. கொண்டால் திருந்த முன்வருவோர் அஞ்சிப் பின்வாங்குவர். பிற்காலத் திருத்தத்தைக் கவனமின்மைக்குச் சான்றாகக் கொள்ள அமெரிக்க நீதிமன்றங்களும் பொதுவாக இடந்தருவதில்லை.

எனினும், ஒப்பீடு ஒன்றை அளக்கும், மற்றொன்றை அளக்காது. ஒருவரின் குற்றம் பிறரின் குற்றத்தினும் பெரிதா என்பதை அது காட்டும். அவர் தம் கடமையைச் செய்தாரா என்பதை அது காட்டாது. கடமையை அளக்க மூன்று வினாக்கள் வேண்டும். தீங்கு நேரக்கூடும் என்பதை அவர் அறிந்தாரா? தணிக்கும் வழி அவர் கைக்கெட்டிய தொலைவில் இருந்ததா? தீங்கைத் தாங்கவேண்டியவருக்கு அது தெரிவிக்கப்பட்டதா? முதல் இரண்டுக்கும் ‘ஆம்’ என்றும், மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றும் விடை வருமாயின், அண்டை வீட்டார் எத்தன்மையர் ஆயினும் அவர் கடன்பட்டவரே. கோர்வேர் வரலாற்றில் விடைகள் அவ்வாறே அமைகின்றன.

அந்நிறுவனத்தின் உயரதிகாரியாயிருந்த ஜான் டிலோரியன், 1979இல் வெளிவந்த ஒரு நூலில் இதனையொட்டிய செய்தியைக் கூறியுள்ளார். பொறியியலாளர் சிலர் முன்னரே எச்சரித்தனர் என்பதும், திருத்தத்துக்கு வண்டியொன்றுக்குச் சுமார் 15 டாலரே தேவைப்பட்டது என்பதும் அவர் கூற்று. தனி வாழ்வில் ஒழுக்கமுடையோரும் குழுவாக அமர்ந்தபோது, தனியே செய்யத் துணியாததைச் செய்தனர் என்பது அவர் கருத்து. பொறுப்புப் பலரிடையே பகிரப்படும்போது ஒவ்வொருவர் பங்கும் சிறுத்து, இறுதியில் எவர் கண்ணுக்கும் புலப்படாமற் போகின்றது. ஆனால், வளைவில் சறுக்கிய வண்டிக்குள் இருந்தவரின் துன்பம் அங்ஙனம் சிறுப்பதில்லை.

இளையோர்க்குக் கல்வி புகட்டுவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம். ‘வகுப்பில் மற்றவரும் இக்கணக்கைத் தவறாகவே செய்தனர்’ என்று கூறும் மாணவனுக்கு, விடை சரியா என்று மட்டுமே பார்க்கவேண்டும் என ஆசிரியர் கற்பிக்கின்றார். கணக்கேட்டில் ஏற்கப்படாத அச்சொல், தொழிலிலும் அலுவலகத்திலும் ஆட்சியிலும் ஏற்கப்படுதல் எங்ஙனம்? பிறரினும் தாழாமை உலகியலில் ஒரு தற்காப்பு. அறிந்தவன் அறியாதவனைக் காத்தலே அறம்.