மூத்திரத்தைப் பாருங்கள்

எட்டு மாதக் கைக்குழந்தை. சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை; உடம்பு மட்டும் அனலாகக் கொதிக்கிறது. பல் முளைக்கிற காய்ச்சல் என்பார் பாட்டி. சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார் அத்தை. மருந்துக் கடைக்காரர் போன மாதம் கொடுத்த அதே சிரப்பை எடுத்து நீட்டுவார். மூத்திரத்தைப் பரிசோதித்தீர்களா என்று கேட்க அங்கே ஆள் இருக்காது.

நீங்கள் கேளுங்கள். காரணம் பிடிபடாமல் காயும் கைக்குழந்தைகளில் 100க்கு 5 முதல் 7 பேருக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கிறது. எரிகிறது என்று சொல்லக் கைக்குழந்தைக்கு வாய் ஏது? பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், சிணுங்கும். தொற்று மேலேறிச் சிறுநீரகத்தில் தழும்பு விழுந்துவிட்டால், பிற்காலத்தில் இளவயதிலேயே ரத்தக் கொதிப்பில் கொண்டுபோய் விடலாம். காய்ச்சலோடு இந்தத் தொற்று வந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு, சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும் கோளாறும் இருக்கும். அதற்கு ஸ்கேன் வேண்டும், சிரப் போதாது.

ஆகவே ஆன்டிபயாட்டிக் உள்ளே போவதற்கு முன்பே சிறுநீரை எடுத்துவிடச் சொல்லுங்கள். மருந்து போன பிறகு கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகும். ஒட்டுகிற பையில் பிடித்தால் தோலில் உள்ள கிருமியும் கலந்து குழப்பும். டயப்பரைக் கழற்றி, கழுவித் துடைத்து, மருத்துவமனையில் தரும் டப்பாவோடு காத்திருங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் அடிவயிற்றை வட்டமாகத் தேய்த்தால் சில குழந்தைகள் ஐந்து நிமிடத்துக்குள் ஒண்ணுக்குப் போய்விடும். பிடித்ததைத் தாமதிக்காமல் ஆய்வகத்தில் கொடுங்கள். காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்துவது பாதிக் கிணறு தாண்டுவதுதான்.

ஆண் குழந்தைக்குச் சிறுநீர் பீய்ச்சாமல் சொட்டுச் சொட்டாக வருகிறதா? ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், பாதையில் அடைப்பு இருக்கலாம்.

வளர்ந்த பிள்ளை படுக்கையை நனைத்தால் அடிக்காதீர்கள். கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது வளர்ப்பு அல்ல, குற்றம். ஐந்து வயதில் 100க்குச் சுமார் 15 பிள்ளைகள் நனைக்கிறார்கள். தூக்கத்தில் நனைப்பது அவர்கள் கையில் இல்லை. பெற்றோர் இருவருமே சிறுவயதில் நனைத்தவர்கள் என்றால் பிள்ளைக்கும் அது வர முக்கால் பங்கு வாய்ப்பு உண்டு. கை ஓங்குகிற அப்பா முதலில் தன் அம்மாவிடம் விசாரிக்கட்டும்.

ஆசிரியர்களே, சுண்டுவிரலைத் தூக்கி நிற்கும் பிள்ளையிடம் ‘பீரியடு முடியட்டும்’ என்று சொல்லாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை கொள்வது சுமார் 240 மில்லிதான். கழிப்பறை நாற்றத்துக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத சிறுமிகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள்.

பெற்றோர்களே, இன்று மாலை பிள்ளையிடம் கேளுங்கள், பள்ளியில் எத்தனை முறை ஒண்ணுக்குப் போனாய் என்று. ஒரு முறைகூடப் போகவில்லை என்றால் நாளைக் காலையே தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள்.